கணிப்பொறியின் அபாயச் சங்கிலி

புகைவண்டிப் பெட்டியில் அமைந்துள்ள அபாயச் சங்கிலியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஊருக்குப் போய் மீள்வதில் இரண்டு மூன்று இரவுகளை வண்டியிலேயே கழிக்கும் நம்மவர்க்கு அதன் பயனை விளக்க வேண்டுவதில்லை. கணிப்பொறியிலும் அத்தகைய சங்கிலி ஒன்று உண்டு. ஆனால், பல பொறிகளில் அது பாதி பூட்டப்பட்ட நிலையிலேயே நம் கைக்கு வருகிறது.

லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் இடந்தருவது. கேரளத்தில் வாழும் நம்மவர் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பழகுவதும் இதுவே. இதன் நடுவிலிருந்து நினைவகத்தையும் வட்டையும் விசைப்பலகையையும் ஆளும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கருநிரல் என்று தமிழில் வழங்குவோம். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்ச்சியே. திரை உறைந்து, சுட்டி அசையாது நின்றுவிட்ட வேளையிலும் கருநிரல் பெரும்பாலும் விழித்தே இருக்கிறது. அதனோடு நேரே பேசுவதற்கான வழிதான் இச்சங்கிலி.

பல விசைப்பலகைகளில் 'பிரிண்ட் ஸ்கிரீன்' விசையின்மீதே 'சிஸ்ஆர்க்யூ' என்றும் பொறித்திருக்கும். 1984-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஏ.டி. கணிப்பொறியில் சேர்த்த விசை அது. பின்னாளில் ஏறக்குறைய வேலையற்றுக் கிடந்த அதற்கு லினக்ஸ் ஆக்கியோர் வேலை தந்தனர். 'ஆல்ட்' விசையோடு அதனையும் அழுத்திக்கொண்டு, ஆர் என்னும் எழுத்தைத் தட்டினால் விசைப்பலகை வரைகலைத் திரையின் பிடியிலிருந்து விடுபடும். ஈ, இயங்கும் நிரல்களை முறையாக முடித்துக்கொள்ளச் சொல்லும். ஐ, கேளாதவற்றை வலிந்து முடிக்கும். எஸ், கருநிரலிடம் வந்து சேர்ந்தும் வட்டில் ஏறாதிருக்கும் தரவுகளை எழுதிவிடும். யூ, வட்டைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக்கும். பி, பொறியை உடனே மறுபடி தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் இடையே சில வினாடிகள் பொறுப்பது நலம். 'பிஸியர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைக் கடைசியிலிருந்து படித்தால் இவ்வரிசை கிடைக்கும். மின்னிணைப்பைப் பிடுங்கி வட்டின் கோப்பமைப்பைச் சிதைப்பதினும் இது எவ்வளவோ மேல். ஆயினும், எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை ஒருமுறையும் சேமிக்காதவர்க்கு எந்தச் சங்கிலியும் உதவாது.

தமிழ்99 முறையில் தட்டச்சுச் செய்வோர் ஐயுற வேண்டா. கருநிரல், தேர்ந்த மொழியைப் பார்ப்பதில்லை. அமெரிக்க விசைப்பலகையில் அவ்வெழுத்து உள்ள இடத்தையே பார்க்கிறது.

இனி, சங்கிலியின் பூட்டைத் திறப்பது எவ்வாறு? அதற்கு ஓர் எண்ணே சாவி. 0 என்றால் முழுத் தடை. 1 என்றால் முழு உரிமை. மற்றவை கூட்டித் தரப்படுவன: ஆர் எழுத்துக்கு 4, எஸ்ஸுக்கு 16, யூவுக்கு 32, ஈக்கும் ஐக்கும் 64, பிக்கு 128. உபுண்டு என்னும் லினக்ஸ் வகையில் 176 என்றே வைத்துத் தருகின்றனர். அதாவது கடைசி மூன்று எழுத்துக்களுக்கே அனுமதி. ஆறும் வேண்டுவோர் 244 என மாற்ற வேண்டும். நிர்வாகி உரிமையோடு, சிஸ்டம் கன்ட்ரோல் அமைப்புக் கோப்பில் 'கெர்னல்.சிஸ்ஆர்க்யூ = 244' என்னும் வரியை ஆங்கில எழுத்தில் சேர்த்தால் அது நிலைக்கும். கட்டளையாக மட்டும் தந்தால், அடுத்த தொடக்கத்தில் மறைந்துவிடும்.

எல்லார்க்கும் 1 என்றே வைத்துவிடலாமே என்று சிலர் கூறுவர். நாம் அதற்கு உடன்படோம். இக்கட்டளைகள் கடவுச்சொல் கேட்பதில்லை. விசைப்பலகையைத் தொடுபவர் எவரோ அவரே அதிகாரி. 64-ஐ அனுமதித்தால் எப் என்னும் எழுத்தும் உடன் திறக்கும். நினைவகத்தை மிகுதியாகக் கொண்ட நிரலைக் கொல்வது அதன் தொழில். சில அமைப்புகளில் பூட்டிய திரையைக் காக்கும் நிரலே அதற்குப் பலியாகக் கூடும். ஆதலின், பலர் வந்துபோகும் அலுவலக மேசையில் 176 போதும். தனியே வீட்டில் பயன்படுத்துவோர் 244-க்குச் செல்லலாம்.

பழகிப் பார்க்க விரும்புவோர் எஸ் எழுத்தை மட்டும் இன்றே தட்டிப் பார்க்கலாம், அதனால் தீங்கில்லை. அவசரமாக எழுதி முடித்த செய்தி கருநிரலின் பதிவேட்டில் ஒரு வரியாகத் தோன்றும்.