கூட்டாஞ்சோறு

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் குறிக்கப்பட்ட விஷயம் குடும்ப ஒற்றுமை என்பது. அதனைப் பற்றிப் பெரியோர் பலர் இம்மேடையிற் பலமுறை பேசியிருக்கின்றனர். யாம் புதிதாகச் சொல்லத்தக்கது யாதுமில்லை. ஆதலின் ஒரு பானைச் சோற்றைப் பற்றி மட்டும் பேச உங்கள் உத்தரவை வேண்டுகிறோம்.

எம் பிள்ளைப்பருவம் தாமிரபரணிக் கரையிற் கழிந்தது. அங்கே நெல் இருபோகம். ஆனியில் நட்ட கார்ப்பயிர் புரட்டாசியில் அறுவடையாகும். ஐப்பசியிற் பிசான நடவு தொடங்கும். இரண்டிற்கும் இடையே, அடைமழை பிடிப்பதற்கு முன் வரும் பௌர்ணமி இரவில் எம் குடும்பத்து நான்கு வீட்டாரும் ஒரே முற்றத்திற் கூடுவர். அன்று எவர் வீட்டிலும் தனி அடுப்பு எரியாது.

ஆச்சி வெண்கலப் பானையை மூன்று கல்லின்மேல் ஏற்றுவார். புத்தரிசியும் துவரம்பருப்பும் ஒருங்கே வேகும். புத்தரிசி எளிதிற் குழைந்து போவதால் தனிச்சோற்றுக்கு அவ்வளவாக உதவாது. கூட்டாஞ்சோற்றுக்கோ அக்குழைவே வேண்டுவது. கத்தரி, வாழை, அவரை, முருங்கைக் காய்கள் பின்னர் சேரும். பருப்பு மலர்ந்த பிறகே புளி விடுவார்; முந்தி விட்டால் பருப்பு வேகாது. தேங்காய், சீரகம், மிளகாய்வற்றல், சின்ன வெங்காயம் சேர்த்தரைத்த விழுது அதன்பின். இறக்குந் தறுவாயில் முருங்கைக்கீரை. ஈற்றில் நல்லெண்ணெயிற் கடுகும் வெங்காய வடகமும் தாளித்துக் கொட்டினால் தெரு முழுதும் மணக்கும். பின்னர் ஆச்சி நடுவே அமர்ந்து, வட்டமாக இருப்போர் கைகளில் ஒவ்வொரு கவளமாக உருட்டி வைப்பார்.

அதற்கொரு சட்டம் உண்டு. ஒன்றும் கொண்டுவாராதவருக்குக் கவளமில்லை. பணமுள்ளவர் காய்கறி கொணர்வர். முடை வந்த ஆண்டில் ஒரு கீரைக்கட்டோடு வருவாரும் உண்டு. சிறுவர்களாகிய யாம் ஆளுக்கொரு சிட்டிகை உப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வரிசையில் நிற்போம். எவரது பொருள் பெரிது என்று பானைக்குத் தெரியாது.

ஆச்சி மறைந்தார். பாகப்பிரிவினை வந்தது. முற்றத்தின் குறுக்கே சுவர் எழுந்தது. பானை சிற்றப்பாவின் பங்கிற் சென்றது. சகோதரர் பேச்சை நிறுத்தினர். அவர்தம் பிள்ளைகள் பிழைப்பை நாடி ஊர் ஊராகச் சிதறினர். யாம் சென்னைக்கு வந்து, அடுக்குமாடி வீடொன்றிற் குடியேறினோம். பல புரட்டாசிப் பௌர்ணமிகள் எம் தலைக்கு மேலே வெறுமனே வந்து போயின.

ஓராண்டு, இவ்வழக்கத்தை நண்பரோடேனும் மீண்டும் நடத்துவோம் என்று துணிந்தோம். எல்லாப் பொருளையும் யாமே வாங்கினோம், யாமே சமைத்தோம். எரிவாயு அடுப்பிற் பெரும்பாத்திரம் அடிப்பிடித்தது ஒரு குறை. பெருங்குறை வேறு. நண்பர்கள் விருந்தினராக வந்தனர், உண்டனர், நன்றி கூறிச் சென்றனர். விருந்து நடந்தது, கூட்டாஞ்சோறு நடக்கவில்லை. ஆச்சியின் சட்டத்தை யாம் விட்டுவிட்டதே காரணம் என்று பாத்திரம் துலக்கும்போதுதான் விளங்கிற்று.

மறு ஆண்டு ஒவ்வொருவரையும் ஒரு பொருள் கொணருமாறு வேண்டினோம். தஞ்சைப் பக்கத்து நண்பர் அரிசியும், கொங்கு நாட்டார் தேங்காயும், அடுத்த வீட்டார் காய்களும் கொண்டுவந்தனர். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மையாரையும் அழைத்திருந்தோம். அவர் தம் வீட்டு வாசல் முருங்கையிற் பறித்த கீரையை முந்தானையில் மறைத்தவாறு படியிலேயே நின்று, எம் மனைவியாரிடம், "எங்க வீட்டுக் கீரை உங்க பானைக்கு ஆகுமாம்மா?" என்றார்.

சகோதரர்களே, அவ்வொரு கேள்வி எம்மைத் தலைகுனியச் செய்தது. எம் ஆச்சியின் முற்றத்தை யாம் இதுகாறும் பெருமையுடன் வருணித்தோம். ஒன்றை மறைத்துவிட்டோம். அந்நெல்லை அறுத்துக் களஞ்சேர்த்தவர்கள் அவ்வட்டத்தில் இருந்ததில்லை. அவர்களுக்கு உரிய பங்கு வேலிக்கு வெளியே, அவர்கள் கொணர்ந்த பாத்திரத்தில் ஊற்றப்பட்டது. பானைக்கே அரிசி கொண்டுவந்தவர்களுக்கு வட்டத்தில் இடமில்லாமற் போயிற்று. ஆச்சி அன்புள்ளவரே, ஆயினும் தாம் வகுத்த சட்டத்தைத் தாமே முழுதும் நிறைவேற்றினாரல்லர். அதைக் கண்டும் கேளாதிருந்த எம்மிடத்தும் குற்றமுண்டு. எம்மூருக்கு அணித்தாயுள்ள சேரமாதேவியில், வ. வே. சு. ஐயரின் குருகுலத்து மாணவரிற் சிலருக்குத் தனியே உணவிட்டது பற்றி 1925-ஆம் ஆண்டளவில் தமிழ்நாடெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்ததை நீவிர் அறிவீர். அதற்குப் பல்லாண்டு பின்னரும் எம் முற்றத்து வேலி அவ்விடத்திலேயே இருந்தது.

பழைய வழக்கத்தை உயிர்ப்பிப்பது நன்றே. அதனோடு பழைய வேலியையும் உயிர்ப்பிப்பது நன்றன்று.

அன்று அக்கீரையே பானையில் விழுந்தது. அவ்வம்மையார் வட்டத்தில் அமர்ந்தார். முதற் கவளத்தை அவர் கையில் வைத்த பின்னரே எமக்குப் பசி எடுத்தது.

இன்னும் ஒன்று சொல்லி முடிப்போம். கடந்த ஆண்டு சிற்றப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதி, ஓர் இரவுக்கு அப்பானையை இரவலாகக் கேட்டோம். விடை வரவில்லை, பானை வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "புளியை முந்தி விடாதே." நிலத்தைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. பானையை யாம் திருப்பியனுப்ப முயன்றபோது, அவரே வேண்டாவென்றார்.

வரும் புரட்டாசிப் பௌர்ணமியன்று இச்சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் அப்பானையை ஏற்ற அனுமதி வேண்டுகிறோம். ஒவ்வொரு குடும்பத்தாரும் கையில் ஏதேனும் ஒன்று கொண்டுவருக. நம் சமூகத்தைச் சாராத ஒரு குடும்பத்தாரையும் உடனழைத்து வருக. அவர்களும் ஒன்று கொண்டுவருக. ஒரு சிட்டிகை உப்பானாலும் போதும்.