ஆளுக்கு ஒரு வாக்கு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட இச்சபையில், இங்கிலாந்தின் ராச்டேல் என்னும் ஊரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கம்பளித் துணி நெசவில் பெயர் பெற்ற தொழில் நகரம் அது. விசைத்தறி வந்தபின் கைத்தறியாளரின் கூலி சரிந்தது. 1844-இல் கூலி உயர்வு கேட்டு நடத்திய போராட்டமும் தோல்வியில் முடிந்தது. கடைகளில் கடன் ஏறியது. கடனுக்கு வாங்கிய மாவிலோ கலப்படம்.

அவ்வூரார் 28 பேர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். ஆளுக்கு ஒரு பவுண்டு பங்கு. அதையும் ஒரே தவணையில் செலுத்த இயலாமல், வாரம் இரண்டு மூன்று பென்ஸாகச் சேர்த்தனர். 1844 டிசம்பர் 21 மாலை, டோட் லேன் என்னும் தெருவில் அவர்களது கடை திறந்தது. வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள், சரக்கு அவ்வளவே!

கடையைவிட அவர்கள் கூடிய சபையே என் கருத்தைக் கவர்ந்தது. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருப்பினும் வாக்கு ஒன்றே. காலாண்டுதோறும் பொதுக்கூட்டம் கூடியது. கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்பட்டது. இலாபம், அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பப் பகிரப்பட்டது. அந்நெசவாளரில் பெரும்பாலோருக்கு அன்று நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. பெண்களோ அவ்வுரிமைக்கு 1918 வரை காத்திருந்தனர்; ஆயினும் இச்சங்கத்தில் அவர்களும் உறுப்பினராயினர். நாடு மறுத்ததை ஒரு மளிகைக்கடை வழங்கியது! 1904-இல் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் அவர்கள் வகுத்த வழியைப் பின்பற்றியதே.

சென்ற ஆண்டு இதே இடத்தில், வாடகை வீட்டில் குடியிருக்கும் சகோதரர் ஒருவர் கணக்கில் ஓர் ஐயம் கேட்க எழுந்தார். "நீர் கட்டும் சந்தா எவ்வளவு?" என்று ஒரு குரல் எழுந்தது. அவர் அமர்ந்துவிட்டார். குரல் கொடுத்தவர் எனக்கு வேண்டியவர். நானும் அன்று வாய் திறக்கவில்லை. அந்த ஐயத்துக்கு இன்றுவரை விடை சொல்லப்படவில்லை.

ஆதலால், கணக்கறிக்கை பொதுக்குழுவுக்குப் பத்து நாட்கள் முன்னரே, வாடகை வீடுகள் உட்பட எல்லா வீடுகளுக்கும் சேர வேண்டும். வினவுபவரிடம் சந்தாத் தொகையைக் கேட்கலாகாது. இவ்விரண்டையும் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்பும் சகோதரர்கள் கை உயர்த்துமாறு வேண்டுகிறேன்.