நோய்க்காலத் துணை

(குப்பனூரில் கூடிய நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைக் குறித்தும் திருமணச் செலவைக் குறித்தும் நம் கூட்டங்களிற் பலகால் பேசியிருக்கின்றோம். இன்று யான் எடுத்துக்கொண்டது பலரும் பேச நாணும் பொருள். ஆடவர்க்கு முதுமையில் வரும் சிறுநீர்த் தடையும், அதற்குச் செய்யும் புரோஸ்டேட் அறுவைச் சிகிச்சையும், அக்காலத்தில் மனைவி துணைநிற்கும் முறையுமே அப்பொருள். நாணத்தால் மறைக்கப்படும் நோய் நாணத்தாலேயே வளர்கின்றது. ஆதலின் சபையோர் பொறுத்துக் கேட்பீர்களாக.

புரோஸ்டேட் என்பது ஆடவர்க்கே உரியதொரு சுரப்பி. அது மூத்திரப்பையின் அடியில் சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருப்பது. 50 ஆண்டு கடந்தபின் பலர்க்கு அது பருக்கின்றது. அப்போது குழாய் நெருக்குண்டு நீர் மெலிந்து ஒழுகும். இரவில் பலமுறை எழவேண்டி வரும். ஒருநாள் முற்றும் அடைபடுதலும் உண்டு. அடைப்பு நீடிப்பின் சிறுநீரகமே கெடும். பருத்தலெல்லாம் புற்றுநோயன்று. எனினும் இரண்டின் குறிகளும் ஒத்திருக்கக்கூடுமாதலால், இன்னது என்று மருத்துவரே ஆய்ந்து சொல்லவேண்டும்.

நம்மவரோ, "வயதானால் அப்படித்தான்" என்று ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்கின்றனர். மலைமேற் காப்பித் தோட்டத்துக்குப் பேருந்தில் போகும் பெரியவர், வழியில் இறங்க நேருமே என்று அஞ்சிக் காலைமுதல் தண்ணீர் குடியாதிருப்பார். மனைவி இரவெல்லாம் கதவு திறக்கும் ஓசையைக் கேட்டிருப்பாள். ஆனால் வாய் திறவாள். தாய்மார்களே! அந்த மௌனத்தைக் கலைத்தலே முதற்றுணை. சேலத்து மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கேனும் வேறு நல்ல மருத்துவரிடத்தேனும் அவரை அழைத்துச் செல்லுங்கள். வாயிலில் நின்றுவிடாது உள்ளே சென்று கேளுங்கள்: நோய் பருத்தலா, புற்றா? அறுவை எவ்வகையது? உண்டுவரும் மருந்துகளுள் எவற்றை முன்னரே நிறுத்தவேண்டும்? குழாய் எத்தனை நாள் இருக்கும்? முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது சேருமா?

இந்திய மருத்துவப் பணியில் நெடுங்காலம் இருந்து இலண்டன் மீண்ட பீட்டர் பிரேயர் என்பார், 1900-ஆம் ஆண்டுமுதல் அடிவயிற்றைக் கீறி இச்சுரப்பியை நீக்கும் முறையைக் கையாண்டு பரப்பினார். இன்று வெறும் பருத்தலாயின், பெரும்பாலும் கீறலின்றிச் சிறுநீர் வழியே கருவி செலுத்தி அடைக்கும் பகுதியை மட்டும் அகற்றுகின்றனர். குழாய் சின்னாட்களே இருக்கும். புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் எடுப்பின், குழாய் ஏறக்குறைய ஒன்றிரண்டு வாரம் இருக்கும்.

வீடு வந்தபின்னரே மனைவியின் பணி பெருகுகின்றது. குழாயைத் தொடுமுன்னும் பின்னும் கைகழுவுதல் வேண்டும். நீர்ப்பை எப்போதும் மூத்திரப்பைக்குத் தாழ்ந்திருக்கவேண்டும், தரையிற் படலாகாது. நீர் சிறிது சிவந்திருப்பது கண்டு அஞ்சவேண்டா. ஆனால் பையில் நீர் இறங்காது நிற்றல், இரத்தக் கட்டி, காய்ச்சல், ஒரு கால் வீங்கி நோதல் ஆகியவை கண்டவுடன் மருத்துவரிடம் செல்லவேண்டும். மூச்சுத் திணறினால் 108-க்குச் சொல்லிவிடவேண்டும்.

குழாய் எடுத்தபின் சிலர்க்கு நீர் தானே கசியும். துணி நனையுமே என்று தண்ணீரைக் குறைத்தல் பெருந்தவறு. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வேறு நோய் இல்லையாயின், போதிய நீர் பருகச் செய்தலே நன்று. மலச்சிக்கல் வாராத உணவு தருக. மருத்துவர் சொல்லும்வரை மிளகு மூட்டையும் தண்ணீர்க் குடமும் அவர் தூக்கலாகாது. இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கேட்டறிந்து நாடோறும் செய்விக்க. கசிவு நிற்கச் சிலர்க்கு வாரங்களும் சிலர்க்கு மாதங்களும் ஆகும். தாம்பத்தியத்திலும் மாறுதல் நேரலாம். அதனை எண்ணி அவர் உள்ளுக்குள் குமைவார். 'ஆண்மை போயிற்று' என்னும் சொல் வீட்டில் எழவே கூடாது. மருத்துவரிடம் கேட்டற்கு அஃதும் உரிய பொருளே.

இதற்கு நாடறிந்த சான்று ஒன்றுண்டு. நமக்கு அணித்தான சேலத்திலே 1944 ஆகஸ்டு 27-இல் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றினார் பெரியார். சாதிச் சங்கத்து மேடையில் அவரைக் காட்டுவது சிலர்க்கு வியப்பாகலாம். அவர் கொள்கையை ஏற்பாரும் மறுப்பாரும் இங்குளர். யான் கூறப்புகுவது ஒரு மனைவியின் தொண்டு. 1949 சூலை 9-இல் மணியம்மையார் அவரை மணந்தபோது நாடே ஏசிற்று. இறுதிக்காலத்தில் பெரியார் சிறுநீர் கழியக் குழாய் பொருத்தி, அதற்குரிய கலத்தையும் உடன்கொண்டே ஊர் ஊராகச் சென்றார். உணவும் மருந்தும் பார்த்து, அக்கலத்தைப் பேணி, உடன் சென்றவர் அம்மையார். 1973 டிசம்பர் 19-இல் சென்னைத் தியாகராய நகரில் பெரியார் இறுதியாகப் பேசினார். அப்போது அவர்க்கு அகவை 94. அம்மையார் அக்கலத்தைத் தொட நாணியிருந்தால் அம்மேடைகள் பல நிகழ்ந்திரா.

ஆயினும் அன்பர்களே! துணைநிற்பார்க்குத் துணை யார்? இரவெல்லாம் விழித்த தாய், காலையில் அடுப்படியிலும் நிற்கின்றாள். அவளும் முதியவளே. பைநீர் ஊற்றுதல் மகனுக்கு இழிவன்று; மருந்து வாங்கிவருதல் மருமகனுக்குக் குறைவன்று. அண்டை வீட்டார் ஒருவேளைச் சோறு அனுப்பலாம். நோயுற்ற வீட்டுக்கு மருத்துவமனைப் போக்குவரத்திலும் காப்பீட்டுத் தாள்களிலும் உதவ இருவரைக் குறித்துவைக்குமாறு நம் சங்கத்தாரை வேண்டுகின்றேன். மணவீட்டுக்குப் பந்தல் போடக் கூடும் கைகள் இதற்கும் கூடட்டும்.

தமிழில் 'துணை' என்னும் சொற்கு உதவி என்பதோடு அளவு என்னும் பொருளும் உண்டு. குடித்த நீரையும் கழிந்த நீரையும் அளந்து குறித்து, மருத்துவர் கேட்கும்போது தடையின்றிச் சொல்லும் மனைவி இருபொருளாலும் துணையாவாள். அவளுக்குக் குடும்பமும் சமூகமும் துணையாகுக.