வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை: நீதியின் தராசில்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் ஏகன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நிக்காஹ், பாகப்பிரிவினை பற்றிக் கேட்க வருவோரைப் போலவே, வேறொரு கேள்வியோடு வரும் இளைஞர்களையும் நாம் இப்போது காண்கிறோம். "ஹஜ்ரத், வட்டி ஹராம் என்பது தெரியும். ஆனால் வீட்டுக் கடன் வாங்கினால் வருமான வரி குறைகிறதே! அரசாங்கமே வட்டியைத் திருப்பித் தருவதாகத்தானே பொருள்?" என்பதே அக்கேள்வி. இதனுள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒன்று, இந்தக் கணக்கு மெய்யானதா? மற்றொன்று, இந்தச் சலுகை நீதியானதா? இரண்டையும் நிதானமாக ஆராய்வோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, குடியிருக்கும் சொந்த வீட்டிற்காக வாங்கிய கடனின் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்தது. 1998இல் 30,000 ரூபாயாக இருந்த உச்சவரம்பு படிப்படியாக உயர்ந்து, 2014ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் 2 லட்சம் ரூபாயாயிற்று. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு கூரை வேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்த நோக்கத்தை நாம் குறை கூறவில்லை.

ஒருவர் 30 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் பெறுகிறார் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். கடன் முடியும்போது அவர் செலுத்தியிருப்பது ஏறத்தாழ 65 லட்சம். அதாவது, வாங்கிய முதலைவிட வட்டியே மிகுதி. முதல் ஆண்டில் மட்டும் வட்டி ஏறத்தாழ 2,67,000 ரூபாய். அதில் 2 லட்சத்தைக் கழித்தால், 30 விழுக்காடு வரி கட்டுபவருக்குக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 62,400 ரூபாய் மிச்சமாகும். மீதி இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட தொகை கையைவிட்டுப் போனது போனதுதான். இதை இலாபம் என்று எந்த வணிகர் ஏற்பார்?

அதுமட்டுமன்று. 2020இல் அறிமுகமாகி, 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாக ஆக்கப்பட்ட புதிய வரிமுறையில், குடியிருக்கும் சொந்த வீட்டின் வட்டிக்குக் கழிவே தரப்படவில்லை. சலுகைக்காகக் கடன் வாங்குகிறேன் என்பவர், அச்சலுகை தமக்கு உண்டா என்பதையே முதலில் பார்க்க வேண்டியுள்ளது.

நீதி என்ன சொல்கிறது?

பழைய வரிமுறையில் இதே வட்டியைச் செலுத்தும் மூவரை எடுத்துக்கொள்வோம். 30 விழுக்காடு வரி கட்டும் உயர் அதிகாரிக்கு 62,400 ரூபாய் மிச்சம். 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 41,600 ரூபாய் மிச்சம். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத தையற்காரருக்கு ஒன்றுமில்லை. எவருக்கு உதவி மிகவும் தேவையோ, அவருக்கே அது கிட்டவில்லை. செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிவரலாகாது என்ற நெறியை அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அந்த அளவுகோலில் இச்சலுகை தேறவில்லை.

அடுத்து, வட்டியை அஞ்சி விலகியவரின் நிலையைப் பாருங்கள். ஒருவர் தம் சகோதரரிடம் கர்ழன் ஹஸனா என்னும் அழகிய கடன் பெற்று வீடு கட்டுகிறார். வட்டி இல்லாததால் 24ஆம் பிரிவில் அவருக்குக் கழிவில்லை. திருப்பிச் செலுத்தும் அசலுக்கும் கழிவில்லை. ஏனெனில் 80சி பிரிவு, வங்கி, வீட்டுவசதி நிதி நிறுவனம் போன்று சட்டம் குறிப்பிட்ட இடங்களில் வாங்கிய கடனையே ஏற்றது. வட்டி கொடுத்தவரைச் சட்டம் அரவணைக்கிறது. வட்டியின்றி உதவிய அண்ணனையும் உதவி பெற்ற தம்பியையும் அது காண்பதேயில்லை.

எனினும், இது நம்மைக் குறிவைத்து இயற்றப்பட்டது என்று எண்ணுதல் தவறு. சிறுகச் சிறுகச் சேமித்து வீடு கட்டும் எல்லாச் சமயத்தாரும் இதே வரிசையில்தான் நிற்கின்றனர். ஆகவே இதை ஒரு சமுதாயத்தின் முறையீடாக அல்லாமல், பொது நீதியின் கேள்வியாகவே நாம் எழுப்ப வேண்டும்.

பிற நாடுகளும் இதை எண்ணிப் பார்த்துள்ளன. பிரிட்டன் இத்தகைய சலுகையைப் படிப்படியாகக் குறைத்து, 2000 ஏப்ரலில் அறவே நீக்கியது. அமெரிக்கா 1986இல் ஏனைய சொந்தக் கடன்களின் வட்டிக்கு இருந்த கழிவை நீக்கத் துணிந்தும், வீட்டுக் கடனை விட்டுவைத்தது. 2017இல் புதிய கடன்களுக்கான வரம்பை 10 லட்சம் டாலரிலிருந்து 7.5 லட்சமாகக் குறைத்தது. பிரிட்டனில் இன்னொன்றும் நிகழ்ந்தது. வட்டிக்குப் பதிலாக, வங்கியே வீட்டை வாங்கி வாடிக்கையாளருக்கு விற்கும் முறையில் முத்திரை வரி இருமுறை விதிக்கப்பட்டு வந்தது. 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த இரட்டைச் சுமையை நீக்கியது. நியாயத்தை முறையாக எடுத்துரைத்தால் சட்டம் செவிசாய்க்கும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்ய வேண்டியவை

ஏற்கெனவே கடனில் சிக்கியிருப்போர் கழிவைக் கோரலாமா என்று கேட்கின்றனர். வரியில் கிடைக்கும் குறைப்பு, அரசு தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகும். அது வட்டி வருமானமன்று. உண்மையான கணக்கைக் காட்டிக் கோருவதில் தடையில்லை என்பதே நம் கருத்து. ஆனால் கையில் பணம் இருந்தும், வரி மிச்சமாகிறதே என்று கடனை நீட்டிக்கொண்டிருப்பது, பாவத்தில் விரும்பித் தங்குவதாகும். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே கட்டளையிட்டது. ஆகவே இயன்றவர் விரைந்து விடுபடுங்கள். பொய்யான வாடகை ரசீதைக் கொடுத்து வரியைக் குறைப்பதோ அமானத்திற்குச் செய்யும் துரோகம்.

வசதியுள்ளோருக்கு ஒரு வேண்டுகோள். நம் தெருவில் வீடு கட்டும் ஒருவருக்கு ஐந்து பேர் சேர்ந்து அழகிய கடன் கொடுத்தால், ஒரு குடும்பம் இருபதாண்டு வட்டியிலிருந்து தப்பும். கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. எனவே தொகை, தவணை, சாட்சிகள் ஆகியவற்றோடு பத்திரம் எழுதுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுப்பதால், வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

இறுதி ஹஜ்ஜின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வட்டியை ஒழித்து அறிவித்தார்கள். அப்போது முதன்முதலில் தள்ளுபடி செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியிருந்த வட்டியைத்தான். சீர்திருத்தம் தம் குடும்பத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள். அரசின் சட்டம் திருந்தும் நாள் எதுவாயினும், நம் ஜமாஅத்தின் வழக்கத்தை இன்றே நாம் திருத்திக்கொள்ளலாம்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் ஹலாலான ரிஜ்கையும் பரக்கத்தையும் நிறைப்பானாக! கடன்பட்டோரின் சுமையை இலேசாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.