எலும்பு தேயுதுன்னு மாத்திரையை நிறுத்தலாமா?
(மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "மூட்டுவலிக்கு மூணு வருஷமா ஸ்டீராய்டு மாத்திரை போடுறேன். அதனாலதான் எலும்பு தேஞ்சு போச்சாம். தூக்கிப் போட்டுடட்டுமா?"

வேண்டாம் அக்கா. நாமாக நிறுத்தவே கூடாது.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு குழுவில் "ஸ்டீராய்டு எலும்பைக் கெடுக்கும்" என்று பேசிவிட்டு வந்தோம். அதைக் கேட்ட ஒரு உறுப்பினர் மறுநாளே மாத்திரையை விட்டுட்டாங்க. சில நாளில் வாந்தி, தலைசுற்றல், களத்திலேயே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில் பிரஷர் ரொம்பக் குறைவு. ஊசி போட்டுத்தான் காப்பாற்றினார்கள். பாதிச் செய்தி சொன்னது எங்கள் தப்பு.

மீதிச் செய்தி இதுதான். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி இருக்கு. பிரஷரைத் தாங்குகிற, காய்ச்சலைச் சமாளிக்கிற கார்டிசால் அங்கேதான் சுரக்கிறது. பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் சுரப்பி தூங்கிவிடும். தினமும் பக்கத்து வீட்டுச் சோறு வந்தால் நம்ம அடுப்பு எரியுமா? அந்தச் சோறு திடீர்னு நின்றால் பட்டினிதான். அடுப்பு மறுபடி பற்ற மாதக்கணக்கும் ஆகலாம். சிலருக்குப் பற்றாமலே போகும். அவர்களுக்கு அந்த மாத்திரை ஆயுசுக்கும் தேவை.

அப்ப எலும்புக்கு? அளவை டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். கூடவே எலும்புக்கும் வைத்தியம் நடக்கும். கால்சியம், வைட்டமின் டி கொடுப்பார். தேவைப்பட்டால் அலெண்ட்ரோனேட் எழுதுவார், வழக்கமாக வாரம் ஒன்று. அதைக் காலையில் வெறும் வயிற்றில் டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு போடணும். டீயோடு கூடாது. அரைமணி நேரம் வேறெதுவும் சாப்பிடவும் கூடாது, படுக்கவும் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்னாடியே சொல்லிடுங்க. சாப்பாட்டில் கேழ்வரகை விடாதீங்க. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. நாளைக்குத் தேவை 1000.

காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், டாக்டரிடம் கேளுங்க. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிதான். "ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்" என்று ஒரு சீட்டு எழுதி இடுப்புப் பையில் வச்சுக்கோங்க.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையில் ஸ்டீராய்டு இருப்பது பலருக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்துக்குப் பாஸ்புத்தகத்தோடு மாத்திரை அட்டையையும் கொண்டு வாங்க. கிராம சுகாதார செவிலியரை வரச் சொல்லியிருக்கோம், பெயரைப் பார்த்துச் சொல்வாங்க.