தீவின் குடிகளும் படக்கருவியும்

தாயகத்திலிருந்து கப்பலேறி வரும் உறவினர், டாலிகஞ்சில் உள்ள நம் இல்லங்களில் பெட்டியை இறக்கி வைத்ததும் கேட்பது ஒன்றே: "ஜாரவாக்களைப் பார்க்கலாமா? படம் எடுக்க விடுவார்களா?" விடமாட்டார்கள் என்றதும் முகம் வாடிவிடுகிறது. அத்தடை ஏன் வந்தது என்பதை, இத்தீவுகளில் படக்கருவியோடு வாழ்ந்த ஒருவருடைய வரலாற்றைக் கொண்டே விளக்கலாம்.

மாரிஸ் விடால் போர்ட்மன் என்பது அவர் பெயர். 1879ஆம் ஆண்டில், இருபது வயதும் நிரம்பாத நிலையில், அந்தமானியப் பழங்குடிகளைக் கவனிக்கும் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அவர்கள் மொழிகளைக் கற்றார். 1899இல் அவர்களுடைய வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். எனினும் அவருடைய தனித்திறமை நிழற்படத்திலேயே விளங்கிற்று. 1890ஆம் ஆண்டுகளில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். வில் செய்வதன் ஒவ்வொரு நிலையும் வரிசையாகத் தனித்தனிப் படத்தில் நிற்கிறது. சொல்லால் எழுதினால் பல பக்கம் வேண்டும். அப்போதும் கையின் பிடி விளங்காது.

அவரே வேறொரு வகைப் படமும் எடுத்தார். கட்டங்கள் வரைந்த திரைக்கு முன் ஆளை நிறுத்தி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முன்னதில் மனிதன் தொழில் செய்கிறான். பின்னதில் அவன் அளக்கப்படும் பொருளாகிவிடுகிறான். இரண்டையும் எடுத்த கை ஒன்றே என்பதுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது.

1880 ஜனவரியில் இவர் வடசென்டினல் தீவில் இறங்கி, முதிய தம்பதியரையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேயருக்குக் கொணர்ந்தார். முதியவர் இருவரும் நோயுற்று இறந்தனர். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டனர். இதனை எழுதி வைத்தவரும் போர்ட்மனே. வெளியார் தொடர்பால் இம்மக்களுக்குத் தீங்கே விளைந்தது என்று பிற்காலத்தில் அவர் வருந்தியதும் உண்டு.

நாம் குடியிருக்கும் இத்தென் அந்தமான் மண் ஆக்கா-பியா என்னும் குடிகளுடையது. அவர்களுள் இன்று ஒருவரும் இலர். பெரிய அந்தமானியர் அனைவரையும் சேர்த்தே 1961ஆம் ஆண்டுக் கணக்கில் 19 பேர்தாம் எஞ்சியிருந்தனர். பியாக்களின் முகத்தைக் காண வேண்டுமாயின் போர்ட்மனின் படங்களைத்தான் நாட வேண்டும். அவர் உழைப்பைப் புறந்தள்ளவும் இயலாமல், முழுமனத்தோடு போற்றவும் இயலாமல் நாம் நிற்கிறோம்.

அசையும் படத்தின் காலமும் வந்தது. 1974இல், இந்திய அரசின் திரைப்படப் பிரிவைச் சேர்ந்த பிரேம் வைத்யா, 'மனிதனைத் தேடி மனிதன்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். மானிடவியலாருடன் படக்குழு வடசென்டினல் கரையை அணுகிப் பரிசுகளை இட்டது. அம்மக்கள் தேங்காய்களையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டனர். பன்றியையும் பொம்மையையும் ஈட்டியால் குத்தி மணலில் புதைத்தனர். ஓர் அம்பு இயக்குநரின் தொடையில் பாய்ந்தது. படமெடுக்கப்படுவோர் தம் கருத்தை இவ்வளவு தெளிவாக அறிவித்த நிகழ்ச்சி வேறு எங்கேனும் உண்டோ!

ஜாரவாக்களுக்கு அத்தகைய கடல் அரண் இல்லை. அவர்கள் காட்டினூடே நெடுஞ்சாலை செல்கிறது. உணவுக்காக அவர்தம் பெண்களை ஆடச் செய்த காட்சி 2012இல் உலகெங்கும் பரவி நாணச் செய்தது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அவ்வாண்டிலேயே திருத்தப்பட்டது. அவர்களைப் படமெடுப்பது இப்போது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

ஜிர்காடாங் சாவடியில் வண்டிகள் வரிசையாகப் புறப்படும் முன், கருவியைப் பைக்குள் வையுங்கள் என்று விருந்தினரிடம் சொல்வது நம் பொறுப்பாகிவிட்டது. மைத்துனன்மார் சிலர் இதற்காக நம்மோடு ஒரு வேளை பேசாமல் இருப்பதும் உண்டு.