வாலை நீர் அமிர்தமா?

(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களின் மீனவத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் சாமியைப் பற்றியோ சாதியைப் பற்றியோ பேச வரவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். ஆனால் நம் நாட்டில் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாமியும் சாதியும் தாமாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கொஞ்ச காலமாக இக்கரைக் குப்பங்களில் ஒரு பிரசாரம் நடந்து வருவதாகக் கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் என்னிடம் சொன்னார்கள். அதாவது, நாம் குடிக்கும் சாதாரணத் தண்ணீரினால்தான் மூட்டுவலி, சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கல் யாவும் வருகின்றன என்பதும், காய்ச்சி வடித்த வாலை நீரையாவது, அதற்குச் சமமான இயந்திரத் தண்ணீரையாவது குடித்தால் உடம்பிலுள்ள விஷமெல்லாம் கரைந்து வெளியேறிவிடும் என்பதும் அந்தப் பிரசாரம். சொல்லுகிறவர் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. மாதத் தவணையில் இயந்திரமும் விற்கிறார். வலை கிழிந்தால் தைக்க நூல் வாங்கக் கடன் கேட்கிற வீட்டில் இயந்திரத்துக்குத் தவணை கட்டுகிறார்கள் என்றால், இதைப்பற்றி நாலு பேர் கூடி யோசிப்பது அவசியமா அல்லவா?

முதலில் வாலை நீர் என்பது என்ன? சோற்றுப்பானை கொதிக்கும்போது மூடியின் உட்புறம் துளித்துளியாய் நிற்கிறதே, அதுதான். தண்ணீர் ஆவியாகும்போது உப்பும் சுண்ணாம்பும் பானையிலேயே தங்கிவிடும்; ஆவி மட்டும் மேலே போய்க் குளிர்ந்து தண்ணீராகும். கப்பல்களில் குடிதண்ணீர் தீர்ந்து மாலுமிகள் தவித்த காலத்தில், கடல்நீரைக் காய்ச்சினால் அதன் ஆவி நல்ல தண்ணீராகிறது என்று 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லிண்டு என்ற கடற்படை வைத்தியர் எடுத்துக் காட்டினார். இயந்திரக்காரர் விற்கிற ஆர்.ஓ. என்பது காய்ச்சுவதில்லை; தண்ணீரை அழுத்தி ஒரு மெல்லிய சவ்வின் வழியே செலுத்துகிறது. வழி வேறு, உப்பைப் பெரும்பாலும் நீக்கிவிடுவது என்கிற காரியம் ஒன்றே.

இவர்களுக்கெல்லாம் முன்னதாகவே வாலை நீர் வடிக்கிற ஒரு பெரிய இயந்திரம் உங்கள் கண்ணெதிரில் இருக்கிறது. வெயில் கடலைக் காய்ச்சுகிறது, ஆவி மேகமாகிறது, மேகம் குளிர்ந்து மழையாகிறது. மழைத்தண்ணீர் என்பது ஏறக்குறைய வாலை நீரே. அது அமிர்தமாயிருக்குமானால், ஐப்பசி கார்த்திகையில் தாழ்வாரத்தில் பானை வைத்துப் பிடித்துக் குடித்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு மூட்டுவலியே வந்திருக்கக் கூடாது. எலும்பைக் கரைக்கும் விஷம் என்று வேறு சிலர் பயமுறுத்துகிறார்களே, அது உண்மையானால் அவர்கள் பிழைத்தே இருக்கக் கூடாது. இரண்டும் நடக்கவில்லை.

நிற்க, அந்த வியாபாரி உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டினாராமே, அதையும் பார்த்துவிடுவோம். மேசைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் வைத்திருக்கின்றேன். ஒன்றில் உங்கள் தெருப் பம்புத் தண்ணீர். மற்றொன்றில் வடித்த தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர் கொண்டுவருவது போன்ற கம்பிக் கருவியை இரண்டிலும் விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறேன். பாருங்கள், பம்புத் தண்ணீர் பச்சையும் பழுப்புமாய்க் கலங்கிக் கசடு மிதக்கிறது. வடித்த தண்ணீர் அப்படியே தெளிவாய் நிற்கிறது. “இந்தக் கசடைத்தானே இத்தனை நாளாய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள்!” என்று அவர் கேட்டவுடன் தாய்மார்கள் மடியை அவிழ்த்துவிட்டார்கள்.

இப்போது நான் ஒரு காரியம் செய்கிறேன். தெளிவாயிருக்கிற அந்த வடித்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கி, மறுபடியும் மின்சாரம் பாய்ச்சுகிறேன். அதுவும் பழுப்பாகிவிட்டது! உப்பு வெள்ளை, தண்ணீர் தெளிவு, பழுப்பு எங்கிருந்து வந்தது? கம்பியிலிருந்து வந்தது. கம்பிகளில் ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்பு கரைந்து துருவாகும். வடித்த தண்ணீரில் மின்சாரம் ஓடுவதில்லை. ஆதலால் ஒன்றும் நடப்பதில்லை. கசடு தண்ணீரில் இருந்ததல்ல, இவர் கொண்டுவந்து போட்டது. கையிலிருந்து திருநீறு வரவழைக்கிற சாமியாருக்கும் இவருக்கும் என்ன பேதம் என்று கேட்கின்றேன். சாமியார் கையை மறைத்துச் செய்கிறார். இவர் விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிச் செய்கிறார். இனி அவர் வந்தால் நீங்கள் கோபிக்க வேண்டாம், அடிக்க வேண்டாம். “ஐயா, உங்கள் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள்.

“அவர் தண்ணீரைக் குடித்து எனக்கு உடம்பு தேவலையானது உண்மைதானே?” என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். இதற்கு இலங்கையில் வாழ்ந்து 1978-இல் மறைந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர் சொன்ன ஒரு சங்கதியே பதில். அவர் கல்கத்தாவில் படித்தபோது, விடுமுறையில் ஊருக்கு வரும்பொழுது கங்கை ஜலம் கொண்டுவரும்படி சொந்த ஊர்க்காரர்கள் கேட்பார்களாம். ஒரு தடவை அவர் வழியில் பிடித்த சாதாரணத் தண்ணீரையே கங்கை ஜலமென்று கொடுத்தார். அதைக் குடித்தவர்களும் நோய் தீர்ந்ததாகவே சொன்னார்கள். தானாகத் தணிகிற நோயைத் தணியும் வேளையில் குடித்த தண்ணீர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளுகிறது. கோயில் தீர்த்தமென்றும், மாதா கோயில் தண்ணீரென்றும், ஜம்ஜம் என்றும் வைத்திருக்கிற நாம், அந்த வரிசையில் இப்போது கம்பெனித் தீர்த்தத்தையும் சேர்த்திருக்கிறோம்.

உடம்பிலுள்ள விஷத்தைக் கழுவுவது எது? நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் அளவு இரத்த நீரை வடிகட்டி, வேண்டியதைத் திருப்பிக்கொண்டு, ஒன்றரை லிட்டர்போல வெளியே தள்ளுகின்றன. அவற்றுக்கு வேண்டியது போதுமான தண்ணீர். அது வடித்ததா, நல்ல கிணற்றினதா என்பதில் அவற்றுக்கு அக்கறையில்லை. கல் உண்டானவர்களை வைத்தியர்கள் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுவது சிறுநீர் இரண்டு லிட்டருக்கு மேல் கழிய வேண்டுமென்றுதான். வெயிலில் படகில் இருக்கிற தோழர்களுக்கு இது முக்கியம். ஒரு சிறு புட்டியோடு கடலுக்குப் போய்விட்டு, கல் வந்த பிறகு தண்ணீரின் ஜாதியை விசாரிப்பதில் பயனில்லை.

அப்படியானால் வாலை நீரால் கெடுதி உண்டா? ஒரு வாய் குடித்தால் எலும்பு கரையும் என்பதெல்லாம் புரளி. இருந்தாலும் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உப்புக்களை அறவே நீக்கிய தண்ணீரையே நெடுங்காலம் குடித்து வருவது நல்லதல்ல, சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் ஓரளவு தண்ணீரில் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட நூலில் எழுதப்பட்டிருக்கிறது. கணக்குப் பார்ப்போம். லிட்டருக்கு 75 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரில் 3 லிட்டர் குடித்தால் 225 மில்லிகிராம் கிடைக்கும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. ஆகவே பாலும் தயிரும் சாப்பிடுகிற பணக்காரனுக்குத் தண்ணீரில் போனது பெரிய நஷ்டமல்ல. வெறுங்கஞ்சி குடிக்கிறவனுக்கு அது நஷ்டந்தான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியில் நிறைய இருக்கிறது. நீங்களோ நெத்திலியைப் பிடித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அந்தக் காசில் சத்து நீக்கிய தண்ணீரை வாங்குகிறீர்கள்!

நான் இயந்திரத்துக்கு விரோதி என்று எண்ணிவிட வேண்டாம். எங்கே தண்ணீர் உப்போ அங்கே உப்பை எடுப்பது அவசியமேயாகும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது 1969-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. வங்காள தேசத்தின் கடலோரத்தில் டாக்கோப் என்னுமிடத்தில் கர்ப்பிணிப் பெண்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டதில், குடிதண்ணீரில் உப்பு ஏறுகிற மழையில்லாத மாதங்களில் இரத்தக் கொதிப்பு அதிகமாயிருந்ததாகக் கண்டார்கள். ஆதலால் உப்புத் தண்ணீர் குடிக்கிற குப்பத்தில் உப்பு நீக்கிய தண்ணீர் நன்மை செய்யும். அந்த நன்மை கெடுதல் நீங்கியதால் வருவதே யொழிய, வடித்ததில் புதிதாய்ச் சேர்ந்த ஒரு சக்தியினால் அல்ல. நம் தரக் கட்டளைப்படி குடிதண்ணீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை தாராளமாக இருக்கலாம். வேறு தண்ணீரே கிடையாதபோது 2000 வரை பொறுக்கலாம். 500-க்குக் குறைவாயுள்ள ஊர்களில் இந்தச் சவ்வு இயந்திரமே கூடாதென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. ஆகவே இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் தண்ணீரின் கணக்குத்தான் சொல்ல வேண்டும், விற்கிறவரின் வாய் சொல்லக் கூடாது.

வடித்த தண்ணீரையே ஒரு ஊர் முழுவதும் குடித்ததற்கும் நம் நாட்டில் உதாரணமுண்டு. இலட்சத்தீவில் கவரத்தித் தீவில், சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் ஓர் ஆலை அமைத்தது. மேற்பரப்புக் கடல்நீரைக் காற்று வாங்கிய கலத்தில் விட்டு ஆவியாக்கி, ஆழத்திலிருந்து இறைத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்கி, நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் கொடுத்தது. தீவுக்காரர்கள் அதைக் குடித்தார்கள். சிரஞ்சீவியாகிவிட்டதாக யாரும் சொல்லவில்லை. உப்பில்லாத தண்ணீர் கிடைத்தது, அவ்வளவுதான். உங்களுக்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. அது சென்னைப் பட்டணத்துக்கென்று ஏற்பட்டது. கடல் உங்களுடையது, தண்ணீர் பட்டணத்தினுடையது! ஒவ்வொரு வீடும் தனித்தனியே தவணை கட்டுவதைக் காட்டிலும், ஊருக்குப் பொதுவாய் ஒரு குழாய் கேட்டு நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவது மேலல்லவா? ஏரியைப் பாடு என்று பங்கிட்டு முறைவைத்துத் தொழில் செய்யத் தெரிந்த உங்களுக்குக் குழாய்க்கு முறைவைக்கத் தெரியாதா? (அந்தப் பாட்டில் யாருக்குப் பங்குண்டு, யாருக்கு இல்லை என்பதை வேறொரு நாள் பேசிக்கொள்வோம்.)

இனி, உப்பைவிடப் பொல்லாத சங்கதி கிருமி. 1892-இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் பட்டணத்தில் காலரா கண்டு 8000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஒட்டியிருந்த அல்டோனாவில் மிகச் சிலரே மாண்டார்கள். இரண்டு ஊரும் குடித்தது ஒரே எல்பு ஆற்றின் தண்ணீர். அல்டோனாக்காரர்கள் மணலில் வடிகட்டிக் குடித்தார்கள். ஹாம்பர்க்காரர்கள் அப்படியே குடித்தார்கள். காப்பாற்றியது வாலை நீரல்ல, வெறும் மணல். அதேபோல எவ்வளவு வடித்த தண்ணீரானாலும், பாசி பிடித்த குடத்தில் ஊற்றி, கையை விட்டு மொண்டால் அதிலும் கிருமி வளரும். அதில் குளோரின்கூட இல்லை. குடத்துக்கு மூடியும், மொள்ள நீண்ட காம்புள்ள அகப்பையும் நாலு காசு விஷயம். அதை விற்கத் தவணைக்காரர் யாரும் வருவதில்லை! இன்னொன்று: பெட்ரோல் பங்கில் விற்கிற பேட்டரித் தண்ணீர் வடித்ததுதானே என்று யாரும் குடித்துவிடக் கூடாது. அது குடிப்பதற்காகச் சுத்தமாய் அடைத்ததல்ல.

“சுத்தம்” என்ற வார்த்தையே நம்மைக் கெடுத்திருக்கிறது. மஹாத் குளத்தில் ஆடும் மாடும் குடிக்கலாம், தீண்டாதார் தொட்டால் அசுத்தம் என்றார்கள். 1927 மார்ச்சில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சென்று அதே தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். வைதீகர்கள் அந்தக் குளத்துக்குப் பஞ்சகவ்வியம் ஊற்றிச் “சுத்தி” செய்தார்கள், அதாவது சாணத்தையும் மூத்திரத்தையும் விட்டுச் சுத்தமாக்கினார்கள்! அது பழங்கதையென்று எண்ணாதீர்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், ஆதிதிராவிடர்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே அது தெரிந்தது. சுத்தத்தைப்பற்றி இவ்வளவு பேசுகிற நாட்டில், சுத்தமான தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே செய்யவேண்டிய காரியத்துக்கு வருகிறேன். மழைக்காலம் வருவதற்குள் கூரையையும் ஓட்டையும் கூட்டிச் சுத்தம் செய்து, முதல் மழையை ஓடவிட்டு, பிறகு வருவதை மூடிய தொட்டியில் பிடியுங்கள். குடிக்குமுன் கொதிக்க வையுங்கள். நாளைக் காலை வாலிபத் தோழர்கள் தெருத்தெருவாக வருவார்கள். ஒவ்வொரு பம்பிலும் கிணற்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் அவர்களிடம் பிடித்துக் கொடுங்கள். புட்டியை முதலில் அந்தத் தண்ணீராலேயே மூன்று தடவை அலசுங்கள். சோப்புப் போட வேண்டாம். எந்தத் தெரு, எந்தப் பம்பு, என்ன தேதி என்று சீட்டு ஒட்டுங்கள். அவற்றைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோகிறோம். வருகிற கணக்கை இதே இடத்தில் பலகையில் எழுதி வைப்போம். அந்த வியாபாரியையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.